பருவ மடலில் வந்த அப்பா

விற்கிற வீட்டில் கறுவாப்பட்டை போட்ட இனிப்புப் பணிஸ் மணக்க வேண்டும் என்பது எமிலியா வேலை செய்த அலுவலகத்தில் யாரும் எழுதிவைக்காத சட்டம். வீடு பார்க்க வருகிறவர்களின் மூக்கில் அந்த மணம் ஏறினால் கூரையில் இருக்கிற ஓட்டை அரைவாசி மறைந்துபோகும் என்று முதலாளி பியோர்ன் சொல்வார். ஆகவே 2007ஆம் ஆண்டு செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒஸ்லோவிலிருந்து ஒரு மணி நேரம் காரோடி வந்து, காட்டோரத்தில் நின்ற பழைய பண்ணைவீடு ஒன்றின் அடுப்பில் கடையில் வாங்கிய பணிசை அவள் சூடாக்கிக்கொண்டிருந்தாள். மேசையில் பூவை வைத்தாயிற்று. அலுவலகம் பருவத்துக்கு ஒன்றாக வெளியிடும் மடலையும் அடுக்கியாயிற்று. வாசற்படியில் நீலநிறப் பிளாஸ்ரிக் உறைகள் நிறைந்த பெட்டி இருந்தது. வருகிறவர்கள் சப்பாத்துக்கு மேல் அதைக் கொழுவிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும். யன்னலால் எட்டிப் பார்த்தபோது மூன்று கார்கள் முற்றத்தில் நின்றன. நாலாவதாக ஒரு சிவப்பு ரொயோட்டா மெதுவாகத் திரும்பி வந்தது. அதன் முன்கண்ணாடியில் செபமாலை தொங்கியது. எமிலியாவுக்கு அந்தக் காரை நன்றாகத் தெரியும். அதில்தான் அவள் கார் ஓட்டப் பழகினாள்.

அப்பாவும் அம்மாவும் இங்கே என்னத்துக்கு?

எமிலியா ஒஸ்லோவின் ஓரத்தில் இருக்கிற ரொம்சோசில் பிறந்து வளர்ந்தவள். மலையைக் குடைந்து கட்டிய ரயில் நிலையமும், அதைச் சுற்றி நிற்கிற மாடிக் கட்டடங்களும்தான் அவளுடைய ஊர். அப்பா கிளெமென்ற் பஸ் ஓட்டுகிறார். அம்மா மக்டலீன் முதியோர் இல்லமொன்றின் சமையற்கட்டில் வேலை செய்கிறார். இரண்டு பேரும் இலங்கையின் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். படித்து முடித்த எமிலியா, நாட்டுப்புறத்துப் பண்ணைகளையும் மலைக் குடில்களையும் விற்றுக்கொடுக்கிற இந்த அலுவலகத்தில் சேர்ந்தபோது, மகள் காணி விற்கிறாள் என்று அம்மா கோயிலில் எல்லாருக்கும் சொல்லி மகிழ்ந்தார். போனில் பேசும் வாடிக்கையாளர்கள் எமிலியா என்ற பெயரையும் அவளுடைய பேச்சையும் வைத்து வேறு யாரையோ கற்பனை செய்துகொள்வார்கள். நேரில் கண்டதும் ஒரு கணம் தடுமாறுவார்கள். அந்த ஒரு கணம் அவளுக்குப் பழகிப்போயிருந்தது. ஆனால் ஒருநாளும் பிடித்ததில்லை.

பருவ மடல் என்பது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. எந்தப் பண்ணை கைமாறியது, கூரையில் விழுந்த பனியை எப்போது வழிக்க வேண்டும், காட்டெருமை போன்ற பெரிய எல்க் மான் வேட்டை எப்போது தொடங்குகிறது என்று நாலு பக்கம். கடைசிப் பக்கத்தில் நாட்டுப்புற வாழ்க்கை பற்றி மனதைத் தொடுகிற மாதிரி ஏதாவது வேண்டும் என்று பியோர்ன் கேட்டார். இளம் ஆளாக இருக்கிறாய், நீ எழுது என்றார். எமிலியா எழுதினாள். படம் போடவேண்டாம், குடும்பப் பெயரும் வேண்டாம், வெறும் எமிலியா போதும் என்று கேட்டுக்கொண்டாள். தனக்கு நாட்டுப்புறமே தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆறாம் வகுப்பில் இங்ரிட் என்ற சினேகிதியின் குடும்பத்தோடு ஒரு கிழமை அவர்களின் குடிலில் நின்றிருக்கிறாள். நாட்டுப்புறம் என்று அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஒரு கிழமைதான். மிச்சத்தை நூல்நிலையத்தில் எடுத்தாள்.

முதல் கட்டுரையிலேயே ஒரு அப்பா வந்து நின்றுவிட்டார். பனி கரைந்ததும் வாய்க்கால் ஓரத்தில் பூக்கும் முதல் மஞ்சள் பூவை மகளுக்குக் காட்டிக்கொடுக்கிற அப்பா. கோடையில் அவர் ஏரியில் வள்ளம் வலித்தார். வெயில் காயும் கல்லில் விரியன் படுத்திருக்கும், பார்த்துக் கால் வை என்று சொன்னார். இலையுதிர் காலத்தில் கன்டரெல் என்ற மஞ்சள் காளான் முளைக்கும் இடத்தைத் தன் மனைவிக்குக்கூடச் சொல்லாமல் மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். குளிர்காலத்தில் காற்றை மணந்து பார்த்தே, இன்றைக்குப் பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகைக்கு எந்த மெழுகு பூசலாம் என்று கண்டுபிடித்தார். வாசகர்களுக்கு அந்த மனுசனை நன்றாகப் பிடித்துப்போயிற்று. உங்கள் அப்பா சுகமா என்று முன்பின் தெரியாதவர்கள் போனில் கேட்டார்கள். சுகம் என்று எமிலியா சொன்னாள். அது பொய்யுமில்லை, அவளுடைய அப்பா சுகமாகத்தான் இருந்தார், அறுபத்திரண்டாம் இலக்க பஸ்சில்.

காரிலிருந்து இறங்கியவரை அவள் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பூசைக்குப் போடுகிற கறுத்தக் கோட்டுச்சூட், கழுத்துப்பட்டி, மினுக்கின சப்பாத்து. அம்மா சேலை கட்டி அதன்மேல் குளிர்க்கோட்டு போட்டிருந்தார். சேறு படிந்த இறப்பர்ச் சப்பாத்தும் மழைக்கோட்டுமாக நின்ற மற்றவர்கள் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். கலியாண வீட்டுக்குப் போகிற வழியில் தவறி வந்துவிட்டவர்கள் என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களில் பிழையில்லை. அப்பா வாசலுக்கு வந்து, ஒரு வீட்டுக்குள் போகுமுன் எவரும் செய்வதுபோல, சப்பாத்தைக் கழற்றி ஓரமாகச் சோடி சேர்த்து வைத்தார். அம்மாவும் அப்படியே செய்தார். அந்த வாசலில் அன்றைக்குக் கழற்றிவைத்த சப்பாத்துகள் அந்த இரண்டு சோடிதான். பிறகு அப்பா நிமிர்ந்து மகளைப் பார்த்துச் சிரித்தார். உன்னிடம் ஒரு ரகசியம் வைத்திருந்தேன் பார் என்று சொல்கிற சின்னப்பிள்ளையின் சிரிப்பு.

எமிலியாவுக்குப் பின்னால் ஒரு கணவனும் மனைவியும் நின்று புகைபோக்கியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் நீல உறைப் பெட்டியை எடுத்து அப்பாவின் முன்னே நீட்டினாள். நோர்வேஜிய மொழியில், எல்லாருக்கும் சொல்கிற குரலில், "வணக்கம், வாருங்கள். தயவுசெய்து இதைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றாள்.

அப்பாவின் சிரிப்பு உடனே போய்விடவில்லை. கொஞ்சம் நின்று, பிறகு வேறு ஒரு சிரிப்பாக மாறியது. பஸ்சில் ஏறும் எவருக்கும் கொடுக்கிற சிரிப்பு. "நன்றி" என்று அவரும் நோர்வேஜிய மொழியிலேயே சொல்லிவிட்டு, சப்பாத்தில்லாத காலில், வெறும் காலுறைக்கு மேல் அந்த நீல உறையைக் குனிந்து கொழுவினார். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா அவர் முழங்கையைத் தொட்டார்.

எமிலியா பிறந்த நாளிலிருந்து அப்பா அவளோடு தமிழைத் தவிர வேறு எதுவும் கதைத்ததில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை அவள் முன்னரும் ஒருதரம் கண்டிருக்கிறாள். பதினாலு வயதில், வகுப்புப் பெட்டைகளோடு ஏறிய பஸ்சை அப்பா ஓட்டிக்கொண்டு வந்தார். அவள் தலையைக் குனிந்தபடி பயண அட்டையைக் காட்டினாள். அவரும் அட்டையை மட்டும் பார்த்துத் தலையாட்டினார். வீட்டில் அதைப்பற்றி ஒரு சொல் வரவில்லை. அன்றைக்கே அவர் பழகிக்கொண்டுவிட்டார் போலிருக்கிறது.

அவர்கள் அறை அறையாகப் பார்த்தார்கள். அப்பா யன்னல் கொளுக்கியைத் திறந்து மூடினார், விறகடுப்பைத் தட்டினார். உறவினர் வீடு வாங்க வந்தால் மெக்லர் எனப்படும் விற்பனை முகவர் ஒதுங்கி வேறொருவரிடம் அந்த விற்பனையைக் கொடுக்கவேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதை நினைத்ததும் எமிலியாவுக்கு மூச்சு வந்தது. விதி இருக்கிறது, அதனால்தான் நான் இப்படிச் செய்தேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பியோர்னைப் போனில் கூப்பிட்டு, இவர்கள் என் தாய் தகப்பன் என்று ஒரு வசனம் சொன்னால் விதிக்கு அது போதும் என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த ஒரு வசனம்தான் வரவில்லை.

சமையலறையில் ஆறேழு பேர் நின்றபோது அப்பா அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். கையை உயர்த்தி, வகுப்பில் பிள்ளை கேட்பதுபோல், திருத்தமான நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

"பின்னாலே இருக்கிற காட்டில் கன்டரெல் முளைக்குமா?"

எமிலியா கையில் வைத்திருந்த பணிஸ் தட்டை மேசையில் வைத்தாள். அவளுக்குத் தெரிந்தவரை அப்பா காளானைக் கையால் தொட்டதே கிடையாது. கடையில் விற்கிற வெள்ளைக் காளானைக்கூட முகர்ந்து பார்த்துத் திருப்பி வைப்பவர். மேசையில் அடுக்கியிருந்த மடலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசித்திருக்கிறார். ஒன்றை மட்டுமல்ல, எல்லாவற்றையும் வாசித்திருக்கிறார். வள்ளம் வலித்த அப்பாவை, காற்றை மணந்த அப்பாவை, தன் மகளின் எழுத்தில் தன் இடத்தில் நிற்கிற அந்த வெள்ளைக்கார அப்பாவை அவர் சந்தித்திருக்கிறார். இருக்கும் என்று கேள்விப்பட்டேன் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தாள். அப்பா நன்றி சொன்னார்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அவள் வெளியே வந்தபோது வீட்டுக்காரியின் மகன் டாக் விறகடுக்குக்குப் பக்கத்தில் நின்றார். முதியோர் இல்லத்துக்குப் போய்விட்ட தாயின் பண்ணையை விற்க வந்த, பெரிய கையும் மெதுவான பேச்சுமுள்ள மனுசன். அவர் தோட்டத்து மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அம்மா சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கமரா பிலிம் வருகிற சின்ன டப்பாவிலிருந்து எதையோ கிள்ளி எடுத்து மண்ணில் தூவிக்கொண்டிருந்தார். தூவி, சிலுவை போட்டு, வேலியோரமாக அடுத்த மூலைக்கு நடந்தார்.

அது மடு மண். மடுமாதா கோயில் வளவிலிருந்து எடுத்த மண். அது விழுந்த இடத்தில் பாம்பு தீண்டாது என்பது மன்னார்ச் சனத்தின் நம்பிக்கை. ரொம்சோஸ் வீட்டுக்கு வந்த அன்று அம்மா நாலு மூலையிலும் தூவினார். கார் வாங்கியபோது சீற்றுக்குக் கீழே ஒரு கிள்ளு. அந்த வருசம் மடுப்பக்கம் சண்டை, அங்கே போய்வர வழியில்லை. இருக்கிற மண் முடிந்தால் பிறகு எப்போது கிடைக்குமோ தெரியாது என்று டப்பாவைத் திறக்கவே யோசிக்கிறவர் இன்றைக்கு வஞ்சகமில்லாமல் அள்ளித் தூவினார். கோடை மடலில் எமிலியா விரியன் பாம்பைப் படுக்கவைத்தது வெயிற் கல்லில் மட்டுமல்ல, அம்மாவின் நெஞ்சிலும்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"அந்த அம்மா என்ன தூவுகிறார்?" என்று டாக் கேட்டார். "உங்களுக்குத் தெரிந்தவர்களா?"

"இல்லை" என்றாள் எமிலியா. "எனக்கு அவர்களைத் தெரியாது. ஒஸ்லோவிலிருந்து சும்மா பார்க்க வருகிறவர்கள்."

டாக் தலையாட்டினார். தன் தாயும் இப்படித்தான், பசு கன்று போடுகிற இரவில் தொழுவக் கதவுக்கு மேலே கத்தி ஒன்றைச் செருகிவைப்பாள், பேய் வராதாம் என்று சொல்லி, பாசத்தோடு சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏளனம் துளியும் இல்லை. அவளை எவரும் நெருக்கவில்லை, எவரும் பழிக்கவில்லை. நல்ல மனுசன் ஒருவர் சாதாரணமாகக் கேட்ட கேள்விக்கு, பெற்ற தாயையும் தகப்பனையும் தெரியாது என்று அவளாகவே சொல்லியிருந்தாள்.

திரும்பியபோது அப்பா விறகடுக்கின் மறுபக்கத்தில் நின்றார். பின்கதவால் வந்திருக்கிறார். சப்பாத்து முன்வாசலில் கிடந்ததால் நீல உறையோடேயே முற்றத்தில் நடந்து வந்திருக்கிறார். அதனால் காலடிச் சத்தமே கேட்கவில்லை. அவர் பிர்ச் விறகொன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்த இடத்திலேயே அதைப் பத்திரமாக வைத்துவிட்டு அவர்களிடம் வந்தார். டாக்கின் கையைக் குலுக்கி, வடிவான பண்ணை என்றார். மகளுக்கும் கையை நீட்டினார். அவள் அதைப் பிடித்தாள்.

"வீட்டைக் காட்டியதற்கு மிக்க நன்றி" என்றார், அதே நோர்வேஜிய மொழியில். "நல்ல நாளாக அமையட்டும்."

திங்கட்கிழமை பண்ணைக்கு விலை சொல்கிறவர்களின் அழைப்புகள் வந்தன. ஒவ்வொருமுறை போன் அடித்தபோதும் அப்பாவின் இலக்கம் வந்துவிடுமோ என்று அவள் பயந்தாள். வரவேண்டும் என்றும் ஆசைப்பட்டாள். வரவில்லை. பின்னேரத்துக்குள் பண்ணை லில்லெஸ்ட்ரோமைச் சேர்ந்த ஒரு தம்பதிக்குப் போயிற்று. எமிலியாவுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை நினைத்து அவள் வெட்கப்பட்ட அளவுக்கு வேறு எதை நினைத்தும் வெட்கப்படவில்லை. கிழமை நடுவில் அம்மா வழமைபோல் போன் எடுத்து, குறொன்லாண்ட் மீன்கடையில் நல்ல விளைமீன் வந்திருக்கிறது, வாங்கி வைக்கவா என்று கேட்டார். பண்ணையைப் பற்றி ஒன்றும் இல்லை. பியோர்ன் குளிர்கால மடலுக்குக் கட்டுரை கேட்டார். எமிலியா கணினிக்கு முன்னால் இருந்து 'என் அப்பா' என்று இரண்டு சொல் எழுதினாள். மூன்றாவது சொல் வரவில்லை. நாலு நாளாக வரவில்லை.

ஒக்டோபர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை மதியம் ரொம்சோசுக்குப் போனாள். ரயிலில் வரும்போது மன்னிப்புக் கேட்க வசனங்களைத் தமிழில் அடுக்கி வைத்திருந்தாள். வீட்டில் மீன் குழம்பு கொதித்தது. அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டு, தாமாகவே கதையை எடுத்தார்.

"நாங்கள் அண்டைக்கு வந்தது பிழையாப் போச்சு என்ன? சொந்தக்காரர் வந்தால் மெக்லருக்குக் கூடாதாம், சட்டமாம். அப்பாதான் காருக்கை சொன்னவர். அதுதான் பிள்ளை எங்களோடை கதைக்கேல்லை எண்டு. நான் அதுக்குள்ளை உன்னோடை கோவிச்சுக்கொண்டு நிண்டனான்."

அவள் தனக்கு வைத்திருந்த சாக்குப்போக்கையே அப்பா எடுத்து அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். விறகடுக்கின் மறுபக்கத்தில் தன் காதில் விழுந்ததை அவர் அம்மாவுக்குச் சொல்லவில்லை.

"ஓம்" என்றாள். அதுவும் ஒரு பொய்.

அம்மா மேலும் சொன்னார். பஸ் கடைசித் தரிப்பில் நிற்கிற நேரத்தில் அப்பா அகராதியை வைத்து அவளுடைய பருவ மடல்களைச் சொல்லுச் சொல்லாக வாசிப்பாராம். ஆவணியில் தனியாகக் காட்டுக்குப் போய் ஒரு வாளி காளான் பிடுங்கிக்கொண்டு வந்தாராம். எந்தக் காளானோ, எந்த நஞ்சோ என்று அம்மா அப்படியே குப்பையில் கொட்டினாராம். அந்தப் பண்ணையை வாங்கக் கடன் தரும்படி வங்கியிலும் கதைத்து ஓம் என்று சொல்லவைத்தாராம். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அம்மா குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளைக்கு இப்பிடி ஒரு ஆசை இருந்திருக்கு, அதைத் தெரியாமல் நாங்கள் பிளாற்றுக்கை அடைச்சு வளர்த்துப்போட்டம் எண்டு சொல்லிக் கவலைப்பட்டவர். பிள்ளை எழுதின அப்பா ஆரெண்டு நான் கேட்டனான். அது நான்தான், நான் இன்னும் அப்பிடி ஆகேல்லை எண்டார்."

அப்பா பல்கனியில் நின்றார். பள்ளத்தாக்கு முழுவதும் பிர்ச் மரங்கள் மஞ்சளாகிவிட்டிருந்தன. வெளியே போகும் கதவைத் திறந்தபோது, அடுக்கி வைத்திருந்த வசனங்களில் ஒன்றுகூட எமிலியாவின் வாயில் இல்லை. அப்பா அவளைக் கண்டதும், "வா மகள், சாப்பிட்டியோ?" என்று தமிழில் கேட்டார். அந்தத் தமிழைக் கேட்டதும் அவளுக்கு அழுகை வந்தது. அவர் கவனிக்காததுபோல் கீழே குனிந்தார். இன்றைக்கு இரவு முதல் உறைபனி விழுமாம், செடி கருகிப்போகும் என்றார்.

தரையில் நாலு சாடிகளில் அவருடைய மிளகாய்ச் செடிகள் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நீலப் பிளாஸ்ரிக் உறை. அம்மாவின் சோடி ஒன்று, அவருடைய சோடி ஒன்று. அன்றைக்குப் பண்ணையிலிருந்து கோட்டுப் பையில் மடித்து வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"அப்பா" என்றாள்.

"குளிர்காலப் பேப்பர் எப்ப வரும்?"

"நவம்பரிலை."

அவர் தலையாட்டினார். பிறகு நிமிர்ந்து, குத்தலோ கோபமோ இல்லாமல், தொடர்கதையில் அடுத்தது என்ன என்று கேட்கிற வாசகரைப்போலவே கேட்டார்.

"அதிலை அந்தத் தகப்பன் என்ன செய்வார்?"

கீழே எங்கேயோ பஸ் ஒன்று நின்று கதவு திறந்து மூடியது. அப்பா மறுபடி குனிந்தார். காற்றில் ஒரு உறை கழன்றுகொண்டிருந்தது. அதைப் பிடித்து, அதன் இலாஸ்ரிக் விளிம்பை இழுத்து, செடியின் கழுத்தில் மெதுவாகக் கொழுவிவிட்டார். மேலே திரும்பியிருந்த அதன் அடிப்பக்கத்தில் அந்தப் பண்ணை முற்றத்துச் சேறு காய்ந்து கிடந்தது. அதில் சின்னதாக ஒரு பிர்ச் இலை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.